கோசுமல்லிக்கு உப்புப் போட்ட கை

முருகன் துணை.

என் சாமி, நீ போட்ட கார்டு வந்து சேர்ந்தது. தபால்காரர் வாசலில் நின்றுகொண்டு, "பையன் காயிதமுங்க, படிச்சுக் காட்டட்டுங்களா?" என்றார். "எனக்கு இன்னும் கண்ணு அவிஞ்சு போகலீங்க, குடுத்துட்டுப் போங்க" என்று வாங்கிக்கொண்டேன். வாத்தியார் வீட்டு வாசலில் விரல் தேய மணலில் எழுதிப் படித்தவள் நான். உனக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அதெல்லாம் அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் கிழட்டு எருமையும்தான். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் பேச்சுத்துணைக்கு முருகன் படத்தை விட்டால் வேறு நாதியில்லை. அவரும் நான் சொல்வதைக் கேட்பாரே ஒழிய, பதில் ஒன்றும் சொல்வதில்லை. அந்த விஷயத்தில் அவரும் உன்னைப் போலத்தான்.

உன் மகள் சரசுவைப் பார்க்க எருமப்பட்டியில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். குழந்தைக்கு நல்ல இடம் அமையட்டும். வீட்டுக்கு வரச்சொல்லிப் பெண்ணைக் காட்டி, அப்புறம் ஒத்துவராமல் போனால் ஊர் வாயில் விழ வேண்டுமே என்று, உனக்குச் செய்தது போலவே இரண்டு வீட்டாரும் காவேரிக்குக் குளிக்கப் போகிற சாக்கில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், குமாரபாளையத்து ஆற்றங்கரையில் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. அதுவும் நல்லதுதான். சித்திரை வெயிலில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் மட்டும் இறங்காது, சில்லென்று கோசுமல்லி வேண்டும் என்பதும் சரி. அதற்கு மேலே எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு இறங்கவில்லை. "பெரியம்மா வந்து காயை நறுக்கிக் கொடுத்தால் போதும். உப்பைச் செல்லம்மாள் பார்த்துக்கொள்வாள். பழைய கதை மறுபடியும் நடக்கக் கூடாது பாருங்கள்." வேடிக்கைக்குத்தான் எழுதியிருப்பாய். கார்டை விபூதித் தட்டுக்கு அடியில் வைத்தேன். எடுத்துப் படித்தேன். திரும்பவும் வைத்தேன். சாமி முன்னால் கோபப்படக் கூடாது என்று கந்தன் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அவர் பெயர் முடிவதற்குள் உன் பெயர் வந்து நிற்கிறது.

நான் வரவில்லை. வண்டி அனுப்பாதே. ஆனால் குழந்தை காரியத்துக்குப் போகிற பண்டம் கெடக் கூடாது என்பதால் எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். உன் வீட்டுக்காரி செல்லம்மாளும் சரசுவும் சேர்ந்து செய்யட்டும். இதில் அடுப்பு வேலை கிடையாது, கெட்டிக்காரத்தனமும் வேண்டாம். பொறுமையும் நிழலும் இருந்தால் போதும். நடுவில் வேறு பேச்சும் வரும். என் வாய் உனக்குத் தெரியாததா? அதையும் சேர்த்தே படி.

முதலில் வெள்ளரி. கடைத்தெருவில் வாடிக் கிடப்பதை வாங்காதே. ஆற்று மணலில் பாத்தி போட்டிருப்பார்கள், விடியலில் பறித்ததாய், விரல் வைத்தால் முள் குத்துகிற பிஞ்சாய்ப் பார்த்து வாங்கு. அரிசிக்கு ரேஷன் வந்திருக்கிற இந்தச் சண்டைக் காலத்திலும் வெள்ளரிக்கு ரேஷன் வரவில்லை, அந்த மட்டும் புண்ணியம். காம்புப் பக்கம் ஒரு துண்டு அரிந்து, அரிந்த இடத்திலேயே வைத்து வட்டமாய்த் தேய். வெள்ளையாய் நுரை கிளம்பும். நுரை நிற்கும் வரை தேய்த்துவிட்டுக் கழுவு. கசப்பெல்லாம் அதோடு போகும். போகாததும் உண்டு. அதனால் ஒவ்வொரு காயிலும் நுனியை வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கசப்புக் காய் விழுந்தாலும் பானை முழுக்கக் கசந்துபோகும். சின்ன வயதில் அந்த வேலை உனக்குத்தான். என் மடியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு நுனியாய் மென்று, "இது நல்ல காய் பெரியம்மா, இது கெட்ட காய்" என்று பிரித்துப் போடுவாய். ஒரு நாளும் தப்பாய்ச் சொன்னதில்லை. உன் நாக்கு அந்த வயதில் அவ்வளவு நியாயமாய் இருந்தது.

உன் அம்மா உன்னைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். என் கூடப் பிறந்தவள், என்னைவிடச் சின்னவள். எனக்கு அதற்கு முந்தியே தாலி போயிருந்தது. வெள்ளைச் சீலையோடு பிறந்த வீட்டில் ஒரு மூலையில் கிடந்தவளை, "குழந்தைக்கு ஒரு ஆள் வேணுமுங்" என்று உன் அப்பா வண்டி கட்டி வந்து கூட்டிப்போனார். நீ என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை, நானும் கூப்பிடச் சொன்னதில்லை. பெரியம்மா என்பதே எனக்குப் போதுமாய் இருந்தது. உனக்குப் பருப்புச்சோறு பிசைந்ததில் இருந்து, மீசை முளைத்த பிறகு களிக்குத் தொட்டுக்கொள்ளக் கடைந்த கீரை வரைக்கும் உப்புப் போட்டது இந்தக் கைதான். ஒரு நாளாவது கூடிப்போச்சு என்று தட்டைத் தள்ளியிருக்கிறாயா? யோசித்துச் சொல்.

அடுத்தது பருப்பு. பாசிப்பருப்பைக் கல் நீக்கிக் கழுவி ஊறவை. நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும், பல்லில் கடிபட வேண்டும், அதுதான் பக்குவம். வேலை இருக்கிறது என்று மறந்துபோனால் மாவாகிவிடும், அப்புறம் கன்றுக்குட்டிக்குத்தான் வைக்கலாம். தண்ணீரை வடித்து வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் ஆறவிடு. கிளிமூக்கு மாங்காய், பாதி புளிப்பு இறங்கினதாய் ஒன்றிரண்டு துருவிக்கொள். ஏற்காட்டில் இருந்து கேரட்டு என்று சிவப்பாய் ஒரு கிழங்கு சேலம் கடைவீதிக்கு வருகிறதாமே, சரசுவுக்குப் பிடிக்கும் என்றால் அதையும் துருவிப் போடு, எனக்கு ஆட்சேபணை இல்லை. பச்சை மிளகாயைக் கீறிப் போடு. நறுக்கிப் போட்டால் சம்பந்தி வாயில் அகப்பட்டு வேறு வம்பு வரும். கொத்தமல்லித் தழை. தேங்காயை மட்டும் அங்கே போய்த் துருவு, வீட்டிலேயே துருவினால் வெயிலில் நாறிப்போகும். கடுகும் பெருங்காயமும் எண்ணெயில் தாளித்து ஆறவைத்து, ஒரு சின்னத் தூக்கில் தனியே எடுத்துப் போ. கலக்குவதெல்லாம் அங்கேதான்.

சில்லென்று இருக்கச் செய்வது இப்படி. சேலத்தில் ஐஸ் கிடைக்கிறது, வைக்கோலில் சுற்றி எடுத்துப் போகலாம் என்று நீ சொல்லுவாய். வேண்டாம், காய் விறைத்துப்போய் ருசி கெடும். புது மண்பானையை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போடு. காயையும் பருப்பையும் தனித்தனியாய் வாழை இலையில் கட்டிப் பானைக்குள் வை. ஈரத்துணி சுற்றி வண்டியின் அடியில் வைக்கோலில் பதித்துக்கொண்டு போ. ஆற்றுக்குப் போனதும் மர நிழலில் மணலைத் தோண்டு. முழங்கை ஆழத்தில் ஊற்றுக் கசியும். அந்தக் குழியில் பானையை இறக்கி, சுற்றிலும் ஈரமணல் அணைத்து, மேலே ஆல இலையைப் போட்டு மூடி வை. எல்லோரும் குளித்துவிட்டு வருவதற்குள் மார்கழி ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன்.

அன்றைக்கு என்று எழுதிவிட்டேன். இனி அதைச் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போக முடியாது, ஏனென்றால் அடுத்தது உப்பு.

நம் வழக்கம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். நறுக்கின காய் வெறும் காய்தான். அதை யாரும் தொடலாம், என் மாதிரி தாலி அறுத்தவளும் தொடலாம். உப்பு விழுந்த பிறகுதான் அது பந்திப் பண்டம். நல்ல காரியத்துக்குப் போகிற பண்டத்தில் உப்பைப் போடுவது கழுத்தில் தாலி இருக்கிறவளாய் இருக்க வேண்டும். யார் வைத்த வழக்கமோ, நான் அதை மீறவும் நினைக்கவில்லை, சண்டை போடவும் இல்லை. வீட்டில் நித்தியப்படி எல்லாவற்றுக்கும் நான்தான் உப்பு, கல்யாணம் காட்சி என்றால் உன் அத்தை வந்து ஒரு கை போட்டுவிட்டுப் போவாள். அத்தோடு சரி. எனக்கு அதில் பெரிய குறையும் இருந்ததில்லை.

செல்லம்மாளைப் பார்க்கப் போன அன்று, அதே ஆறு, அதே கரை. மேட்டூரில் அணை கட்டாத காலம். கோடையில் தண்ணீர் வாய்க்கால் மாதிரி ஓடும், மற்றதெல்லாம் கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல். பெண் வீட்டார் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம், நடுவில் மருத மரம். உப்புப் போட வேண்டிய உன் அத்தை மஞ்சள் பூசிக்கொண்டு குளிக்கப் போனவள் திரும்பவே இல்லை. பெண்ணின் மாமன்மார் பசி தாங்காமல் இலை போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். நீ தலையைக்கூடத் துவட்டாமல் ஓடி வந்தாய்.

"பெரியம்மா, பொண்ணு வீட்டு ஒறம்பரை எல்லாம் எலையில ஒக்காந்தாச்சுங். கலக்குங்க."

"உங்க அத்தை வரட்டும் சாமி. உப்புப் போடோணுமே."

"அத்தை வந்து சேர்றதுக்குள்ள பொண்ணு கெழவி ஆயிருவா. நீங்க போடுங்க."

"இன்னிக்கு நான் போடக்கூடாது கண்ணு. நல்ல காரியம்."

"தெனமும் ஆரு போடறாங்க? நான் இத்தன வருசம் தின்னு செத்தா போய்ட்டேன்? உப்புக்கு என்ன கண்ணா இருக்குது, ஆரு போட்டதுன்னு பாக்க? போடுங்க பெரியம்மா, எனக்காக."

எனக்காக என்று சொன்னாய். நான் போட்டேன். கல்லுப்பைப் பொடித்து உள்ளங்கையில் எடுத்து, எலுமிச்சஞ்சாற்றில் கரைத்து, கல் இல்லாமல் வடித்து, காய் மேலே ஊற்றிப் பிசறினேன். அப்படிச் செய்தால்தான் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சாரும், நீயும் அப்படியே செய். ஒரு வாய் எடுத்து உன் கையில் கொடுத்தேன். வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, "சரியா இருக்குதுங் பெரியம்மா" என்றாய். எனக்கு அந்த நேரம் எப்படி இருந்தது தெரியுமா? உன் கல்யாணப் பண்டத்தில் என் கை உப்பு. ஆற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

அந்த நேரம் பார்த்து உன் மாமியார் இலைக்கட்டோடு வந்து நின்றாள். பானையை எட்டிப் பார்த்தாள், என் சீலையைப் பார்த்தாள்.

"ஏனுங், இதுக்கு உப்புப் போட்டது ஆருங்க?"

என்னைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்டாள். நீ என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாய். உன் தொண்டையில் இன்னும் அந்த வாய்க் கோசுமல்லி இறங்கியிருக்காது.

"இன்னும் போடலீங்க" என்றாய். "எலுமிச்சம்பழம் புழிஞ்சு வெச்சிருக்குது, அவ்வளவுதானுங். எங்க அத்தை வந்துதான் போடுவாங்க."

சாற்றில் கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியுமா? அவள் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தாள். நீ சொல்லி வாய் மூடவில்லை, உன் அத்தை ஈரத்தலையோடு ஓடி வந்தாள். "அய்யோ, நேரமாயிருச்சா? இன்னும் உப்புப் போடலியா?" என்றபடி உப்புப் பையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வீசினாள். என் கை தானாய் முன்னே போயிற்று. உன்னைப் பார்த்தேன். நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் வாயாடி என்று ஊருக்கே தெரியும். கோயில் பூசாரிகூட என்னைக் கண்டால் மணியை வேகமாய் ஆட்டுவார். அப்பேர்ப்பட்ட எனக்கு அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. சொன்னால் நீ பொய்யன். நான் வழக்கத்தை மீறினவள். உறவு அந்த மணலிலேயே கலைந்துபோகும். அதனால் கையை இழுத்துச் சீலைக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததை நீ எத்தனையோ பேரிடம் கதையாய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். நான் சிரிக்காமல் சொல்கிறேன். முதல் வாய் வைத்த மாமன் முகம் சுருங்கிப் போயிற்று. "ஏனுங் மாப்ள, எங்க காவேரித் தண்ணி தித்திக்குமுங். நீங்க சமுத்திரத்தையல்லோ கொண்டாந்திருக்கறீங்க!" பந்தியே சிரித்தது. இன்னொருத்தர், "ஊறுகாய் போடறதுக்கு வெச்சதை மாத்திக் கொண்டாந்துட்டாங்களாட்ட இருக்குது" என்றார். உன் அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் ஒரே கைதானுங் போட்டேன், சத்தியமா ஒரே கை! அவதான் நறுக்குனா, அவதான் கட்டியாந்தா. அவ கை பட்ட எடத்துல எதுதான் வெளங்கியிருக்குது?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீ மட்டும் திரும்பவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டு புளிச்சோற்றைப் பிசைந்தாய். செல்லம்மாள் ஒருத்திதான் இலையில் விழுந்ததை முகம் சுளிக்காமல் தின்று முடித்தாள். அதைப் பார்த்துத்தான் உன் அப்பா, "பொறுமைக்காரப் புள்ள, முடிச்சரலாம்" என்றார். உன் கல்யாணமே அந்த ரெட்டை உப்பில் முடிவானது.

வண்டியில் திரும்பும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். உன் அப்பா முன்னால் ஓட்டுகிறார், மாட்டுச் சலங்கைச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. "மனசுல வெச்சுக்காதீங்க பெரியம்மா. கல்யாணம் ஆகட்டும், நானே எல்லாத்தையும் சொல்லிப்போடறேன்" என்றாய். நான் உன் தலையைத் துவட்டிவிட்டேன். ஈரம் அப்போதும் காயவில்லை.

கல்யாணம் ஆயிற்று. நீ சொல்லவில்லை. சரி, புதுசு, வெட்கமாய் இருக்கும் என்று நினைத்தேன். செல்லம்மாள் வந்த மறுநாளே உப்பு ஜாடியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அவள் கெட்ட பெண் இல்லை. இன்று வரை என்னை ஒரு சொல் எடுத்தெறிந்து பேசினதில்லை. அவள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள், அவ்வளவுதான். "நீங்க நறுக்கிக் குடுங்க அத்தை, போதும். மீதியை நான் பாத்துக்கறேன்" என்பாள். எவ்வளவு மரியாதை பார். நல்ல நாளுக்கு மட்டும் இருந்த வழக்கம் அன்றோடு நித்தியப்படிக்கும் வந்துவிட்டது. கீரையை ஆய்ந்து வைப்பேன், உப்புக்கு அவள் வர வேண்டும். குழம்பைக் கூட்டிவைப்பேன், உப்புக்கு அவள் வர வேண்டும். அடுப்புக்கு முன்னால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு சின்னப் பெண் கோலம் போட்டு முடித்து வரட்டும் என்று நிற்பேன். தேசமெல்லாம் உப்புக்காக ஜெயிலுக்குப் போன வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும், நீகூடக் கதர்த்துண்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனாய். உப்பு எல்லோருக்கும் சொந்தம் என்று அங்கே பேசினார்கள் என்று வந்து சொன்னாய். நான் அப்போது அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். உனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சரசு பேசப் பழகின பிறகு ஒரு நாள், நீ கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் கேட்டாள். "அப்பத்தா, நீங்க ஏன் உப்புச் சாடியத் தொட மாட்டீங்கறீங்க? அது சுடுமா?" நான் உன்னைப் பார்த்தேன். சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வாய்க்காது, கேட்டது உன் குழந்தை, பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நீ பேப்பரைத் தாழ்த்தாமலே சிரித்தாய். "அப்பத்தா கைக்கு உப்பு அளவு தெரியாது அம்மிணி. ஒருக்கா ஆத்தங்கரையில..." என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னாய். கடலைக் கொண்டுவந்த கதை, ஊறுகாய்க் கதை எல்லாம். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அதில் எனக்காகப் போடுங்க என்று நீ சொன்ன பேச்சும் இல்லை, நீ ருசி பார்த்ததும் இல்லை. சொல்லிச் சொல்லி நீயே நம்பிவிட்டாய் போல. அதற்கு அடுத்த மாதம்தான் நான் எருமையைப் பார்க்க ஆளில்லை என்று சாக்குச் சொல்லி உன் வீட்டை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன். எருமைக்கு ஆள் இருந்தது.

இங்கே எனக்கு நானே உப்புப் போட்டுத் தின்கிறேன். செவ்வாய்க்கிழமை தோறும் மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் வாங்கிக் கொண்டுபோய்ப் பீடத்தில் கொட்டுகிறேன். ஆத்தா ஒரு நாளும், இது எந்தக் கை, தாலி இருக்கிற கையா அறுத்த கையா என்று கேட்டதில்லை. திருச்செங்கோட்டு மலை ஏறிப் போனேன், முழங்கால் விட்டுப்போயிற்று. பாதி உடம்பு பெண்ணாய் நிற்கிற சாமி அது, அதற்கு என் பாடு தெரியும் என்று போனேன். அங்கே நின்று என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைக்கிறாய்? மோட்சமா கேட்டேன்? உன் வாயில் இருந்து அந்த ஒரு வார்த்தை வர வேண்டும் என்றுதான் கேட்டேன். என் கை நல்ல கை என்று நீ சொல்லி, உன் வீட்டார் கேட்டு, அதன் பிறகு நான் கண்ணை மூட வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. சாமியிடம் கேட்கிற அளவுக்கு இது பெரிய வரமா, நீயே சொல்.

பசியில், பயத்தில், பெண் வீட்டாருக்கு முன்னால் ஒரு வாலிபப் பையன் வாயில் பொய் வந்துவிடும். அதை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன், வண்டியிலேயே. என்னால் பொறுக்க முடியாதது அதற்கு அப்புறம் வந்தது. உன் வாய்க்குள் சரியாய் இருந்த ருசியை வைத்துக்கொண்டே வெளியே என் கையைக் கெட்ட கை ஆக்கிச் சிரித்தாயே, அது. நீ இப்போது பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிறாய். அந்த வீட்டில் அவளும் ஏதாவது ஒரு நாள் ஒரு பானையைத் தொட்டுவிட்டு நிற்பாள். உப்புக் கூடிவிட்டது, குறைந்துவிட்டது, யார் கை பட்டது என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது அவள் புருஷன் அவளைப் பார்ப்பானா, ஆற்றைப் பார்ப்பானா? மாப்பிள்ளைக்கு நிலம் எவ்வளவு, கிணறு எத்தனை என்று விசாரித்திருப்பாய். இதையும் கொஞ்சம் விசாரி. எப்படி விசாரிப்பது என்று உனக்குத் தெரியாது என்றால், நீ எப்படி இருந்தாய் என்பதை முதலில் அவளுக்குச் சொல்லி வை. அவள் பார்த்து நடந்துகொள்வாள்.

செல்லம்மாள் மேல் கோபித்துக்கொள்ளாதே. அவளுக்கு உண்மை தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஜாடியை அவளே என் கையில் கொடுத்திருப்பாள். ரெட்டை உப்பைத் தின்று முடித்தவள் அவள், என் ஒற்றை உப்பு எப்படி இருந்தது என்று ஒரு நாளும் அறியாதவள். அவளை நினைத்தாலும் எனக்கு ஆற்றாமைதான்.

சரி, பண்டத்துக்கு வருகிறேன். ஊற்றுக் குழியில் இருந்து பானையை எடு. இலைக்கட்டுகளை அவிழ்த்துக் காய், பருப்பு, மாங்காய், தேங்காய், தழை எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டு. தாளித்ததைச் சேர். இலை போட்டுச் சம்பந்திகள் உட்கார்ந்த பிறகுதான் உப்பு, அதற்கு முந்திக் கூடாது. முந்திப் போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுக்கொண்டு பானையில் குளம் கட்டும், காய் துவண்டுபோகும். எலுமிச்சஞ்சாற்றில் கரைத்து ஊற்று. பிசையாதே, அடியில் இருந்து மேலாகத் தூக்கிக் கலக்கு.

அந்த உப்பைச் செல்லம்மாள் போட வேண்டாம். நீ போடு. ஆம்பளை போடக் கூடாது என்று எந்த வழக்கத்திலும் இல்லை, உங்களுக்கு எதில்தான் தடை இருக்கிறது? எருமப்பட்டிக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். "ஏனுங் மாமா, நீங்க போய் உப்புப் போடறீங்க?" என்று கட்டாயம் ஒருத்தர் கேட்பார். சரசு பக்கத்தில் இருப்பாள், செல்லம்மாள் பக்கத்தில் இருப்பாள். அந்த இடத்தில் உன் கண் ஆற்றுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

அளவு எவ்வளவு என்று செல்லம்மாள் கேட்பாள். நான் எழுதமாட்டேன். நீ சொல்லு. அந்த அளவு தெரிந்தவன் உலகத்தில் நீ ஒருத்தன்தான். மருத மரத்தடியில் வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, "சரியா இருக்குதுங் பெரியம்மா" என்றாயே, அந்த அளவு. அது யார் கை அளவு என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டு, அப்புறம் போடு. அது முடியாது என்றால் உப்பே போடாமல் பரிமாறு. நான் இத்தனை வருஷம் உன் வீட்டில் அப்படித்தான் இருந்தேன்.

சரசுவுக்கு மாரியம்மன் குங்குமம் இதில் மடித்து வைத்திருக்கிறேன். நான் தொட்டதுதான். ஆகாது என்றால் ஆற்றில் விட்டுவிடு.

உன் பெரியம்மா